தேருக்கு வழிவிட்ட மணல்

ஐப்பசி பிறந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும். ஊர் முழுக்கத் தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொண்டிருக்கும். நான் தெருத்தெருவாகக் குனிந்து கால்வாயைப் பார்த்துக்கொண்டு போவேன். திருவண்ணாமலை நகராட்சியில் அப்போது நான் ஓவர்சியர். எழுபதுகளின் கடைசியில் சேர்ந்து எண்பதுகளில் பாதி வரைக்கும் அந்த வேலைதான். வீடு கட்டுகிறவர்கள் மழைத்தண்ணீர் போகிற வழியை அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மணல், ஜல்லி, செங்கல் எதையும் கால்வாயில் கொட்டக் கூடாது, கால்வாயை மூடித் தளம் போடக் கூடாது. இதெல்லாம் லைசென்ஸ் கொடுக்கும்போதே எழுதிக் கையெழுத்து வாங்கின சமாசாரம். கையெழுத்துப் போட்ட கையோடு அவர்கள் அதை மறந்துவிடுவார்கள். ஊரில் அதை ஞாபகம் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

மலையடிவாரத்து ஊர். மேலே ஒரு பாட்டம் மழை அடித்தால் அத்தனை தண்ணீரும் பாறையில் வழுக்கிக்கொண்டு நேரே தெருவுக்கு வந்துவிடும். இது இங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். வீடு கட்ட ஆரம்பித்தவர்களுக்கு மட்டும் தெரியாது. செங்கம் ரோட்டில் ஒருவர், வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று ஓடையின் நட்டநடுவில் அஸ்திவாரம் தோண்டினார். என்னய்யா இது என்று கேட்டதற்கு, "மழ பேஞ்சா மட்டுந்தான் சார் இதுல தண்ணி வருது" என்றார். மழை பெய்தால்தானே வரும்! இன்னொருவர் கால்வாய்க்குள் கிடந்த செங்கல் அடுக்குக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு, "பூஜ போட்டாச்சு சார், நல்ல நாள் பாத்துதான் எடுக்கணும்" என்றார். அந்த நல்ல நாள் மார்கழிக்கு அப்புறம்தான் வந்தது. இவர்களோடு மல்லுக்கட்டி எனக்கு ரத்தக்கொதிப்பு வந்ததுதான் மிச்சம்.

எல்லாரையும்விட என்னைப் படுத்தியவர் கீழ்பென்னாத்தூர்க்காரர். அங்கே நெல் மில் வைத்திருந்தவர், மாட வீதியில் ஒரு சத்திரம் கட்ட ஆரம்பித்திருந்தார். லாரி லாரியாக ஆற்று மணலைக் கொண்டுவந்து பாதியை வீதியிலும் பாதியைக் கால்வாயிலுமாகக் கொட்டி வைத்தார். நான் போய் நின்றால் கோபப்பட மாட்டார். நாற்காலி போடச் சொல்வார், சோடா வாங்கிவரச் சொல்வார். "எடுத்துடலாம் சார். மழைக்கு இன்னும் நாள் இருக்குது" என்பார். மழை வருமே என்றால், "அண்ணாமலையார் பாத்துக்குவார் சார்" என்பார். அண்ணாமலையாரே பார்த்துக்கொள்வார் என்றால் நகராட்சி எனக்கு எதற்குச் சம்பளம் கொடுக்கிறது என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார். அபராதம் போட்டால் அதையும் சிரித்துக்கொண்டே கட்டினார். சிரிக்கிற மனிதரை என்னதான் செய்ய முடியும்?

நான் அவரை விடாமல் துரத்தியதற்குக் காரணம் உண்டு. சத்திரத்தைத் தாண்டியதும் ஒரு சந்து பிரிகிறது. வீதியின் கால்வாய் அங்கே திரும்பி அந்தச் சந்து வழியாகத்தான் வெளியே போக வேண்டும். சந்தில் முதல் வீட்டில் ஒரு அம்மா பொரி வறுத்து விற்றுக்கொண்டிருந்தார். ஊர் அவரைப் பொரிக்காரம்மா என்றுதான் கூப்பிட்டது. கார்த்திகை தீபத்துக்குப் பொரி வாங்காத வீடு இங்கே கிடையாது. வெளியூர் ஜனமும் மூட்டையாக வாங்கிக்கொண்டு போகும். அவரும் அவர் வீட்டுக்காரரும் ஐப்பசி முழுக்க அடுப்பு முன்னால் வெந்து, பொரியைச் சாக்கில் கட்டி முன்னறையில் கூரை முட்ட அடுக்கி வைப்பார்கள். வருஷச் சாப்பாடு அந்த அறையில் இருந்தது. ரோடு போடும்போதெல்லாம் மேலே மேலே போட்டு, வீடு தெருவைவிடப் பள்ளத்துக்குப் போய்விட்டது. "ஒரு காலத்துல படி ஏறிப் போன வூடு சார் இது. இப்ப எறங்கிப் போறோம்" என்று அந்த அம்மாவே சொல்லிக் காட்டினார்.

கால்வாய் அடைத்தால் தண்ணீர் வீதியில் ஏறும், வீதியிலிருந்து சந்தில் இறங்கும், சந்திலிருந்து நேரே அந்தப் பொரிக்குப் போகும். இதை அந்த அம்மாவுக்கு நான் விளக்கத் தேவையே இல்லை. "தீபம் முடியிற வரிக்கும் தண்ணி உள்ள வராம பாத்துக்கங்க சார், அது போதும்" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சத்திரக்காரரிடம் கரடியாகக் கத்தினேன். "சந்தில் ஒரு குடும்பம் பொரி அடுக்கி வைத்திருக்கிறது, நனைந்தால் ஒரு பிடிகூட ஆகாது, வருஷமே போய்விடும்" என்றேன். "பாவந்தான் சார்" என்றார். மனதார வருத்தப்பட்டுத்தான் சொன்னார். மணல் அப்படியே இருந்தது. கமிஷனரிடம் போனேன். வேலூருக்கு எழுதிக் கேட்கலாம் என்றார். வேலூரிலிருந்து பதில் வருவதற்குள் மழையே வந்து போய்விடும் என்றேன். அதற்கு அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

இப்படி இருக்கும்போது தீபத் திருவிழாவுக்குத் தண்டோரா போட்டார்கள். தேர் ஓடுகிற மாட வீதியில் யாரும் எந்தச் சாமானும் வைக்கக் கூடாது. ஐப்பசி பூராவும் நான் தொண்டை வற்றக் கத்தியும் அசையாத மணல் ஒரே காலையில் இடம் பெயர்ந்தது. எங்கே? மிச்சமிருந்த பாதியையும் கால்வாய்க்குள்ளேயே தள்ளிவிட்டார்கள்! நான் போனபோது மேஸ்திரி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "ரோடு கண்ணாடியாட்டம் இருக்குது பாருங்க சார்" என்றான். ரோடு கண்ணாடி மாதிரிதான் இருந்தது. கால்வாய் இருந்த அடையாளமே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி நானே நாலு வெட்டு வெட்டினேன். சித்தாள்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நேரே சத்திரக்காரரிடம் போனேன்.

"கால்வாய் அடைத்தால் தண்ணீர் இங்கேதான் தேங்கும். தேங்கினால் ரோடு நெகிழும். பெரிய தேர் வந்து சக்கரம் இறங்கினால் உங்கள் சத்திர வாசலில்தான் இறங்கும்" என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்பு நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நம்ம வாசல்லயா சார் தேரு நிக்கும்?"

"வேறே எங்கே?"

"ஐயையோ, அப்பறம் ஊருல நான் தல காட்ட முடியுமா? டேய் மேஸ்திரி!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கிவிட்டார். சித்தாள்களோடு சேர்ந்து மில்லிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வண்டி வந்தது. இத்தனை நாளும் இந்த வார்த்தை எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று என்னை நானே நொந்துகொண்டேன். பக்கத்தில் இருந்து பார்த்திருப்பேன், ஆனால் திருவிழா வேலை என்று என்னைப் பஸ் ஸ்டாண்டுக்குத் துரத்தினார்கள். ஜனங்களுக்குக் கொட்டகை போடுவதும் தண்ணீர்த் தொட்டி வைப்பதுமாக அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் பிற்பகல் மலை கறுத்தது. பஸ் ஸ்டாண்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு மாட வீதிக்கு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் கொட்ட ஆரம்பித்துவிட்டது. சத்திர வாசலில் நின்று பார்த்தேன். கால்வாய் அடிமட்டம் வரை சுத்தமாக இருந்தது. மலைத்தண்ணீர் அதில் செம்மண் நிறமாகச் சுழித்துக்கொண்டு ஓடியது. ரோட்டில் ஒரு சொட்டு தேங்கவில்லை. அத்தனை வருஷ வேலையில் முதல் தடவையாக ஒரு காரியம் உருப்படியாக நடந்திருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொரிக்காரம்மாவிடம் சொல்லலாம் என்று நனைந்துகொண்டே சந்துப் பக்கம் திரும்பினேன்.

சந்தில் கால்வாயே இல்லை. அது தொடங்குகிற இடத்திலிருந்து மணலும் செங்கல் உடைசலும் மேடாகக் கிடந்தன. வீதியிலிருந்து அத்தனை வேகமாக வந்த தண்ணீர் அந்த மேட்டில் முட்டி, ஏறி, பள்ளத்திலிருந்த முதல் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

மேஸ்திரி சத்திரத்துத் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றான். "எங்கே கொண்டுபோய்க் கொட்டினாய்?" என்று கத்தினேன்.

"சந்துலதான் சார். நீங்கதான சொன்னீங்க, தேருக்கு எடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு? சந்துக்குள்ள தேரு வராதே!"

அவன் கேலி செய்யவில்லை. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று அவன் நம்பினான். அவனை விட்டுவிட்டுச் சந்துக்குள் ஓடினேன்.

பொரிக்காரம்மா முன்னறையில் முழங்கால் தண்ணீரில் நின்று சாக்குகளை இழுத்துக்கொண்டிருந்தார். அடி வரிசை முழுக்க ஊறிக் குழைந்து, மேல் வரிசைச் சாக்குகள் சரிந்து தண்ணீரில் விழுந்திருந்தன. அவர் வீட்டுக்காரர் ஒரு மூலையில் மரப்பெட்டி மேல் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் இறங்கிப் போய் ஒரு சாக்கின் மறுமுனையைப் பிடித்தேன். பொரிச் சாக்கை ஒற்றைக் கையில் தூக்கலாம். இதை இரண்டு பேர் பிடித்தும் அசைக்க முடியவில்லை.

"வண்டியில கொண்டாந்து கொட்டும்போது வாசல்லதான் சார் இருந்தேன்" என்றார். "ஏம்பா இங்க கொட்றீங்கன்னு கேட்டேன். தேருக்குன்னு ஓவர்சியர் சொன்னாருன்னாங்க. தேருக்குன்னு சொன்னப்பறம் நான் என்னா பேசறது? ஒதுங்கி நின்னுட்டேன்."

சாக்கை விட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தேருக்குன்னு சொன்ன வாயால எங்க பொரிக்குன்னும் ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாங்க?"

ஐப்பசி முழுக்க நான் சொல்லிக்கொண்டிருந்தது அந்த ஒரு வார்த்தையைத்தான். சாக்கைப் பிடித்தபடியே தண்ணீரில் நின்றேன்.