தண்ணீரில்லாத ஒத்திகை

எல்.கே.ஜி. பிள்ளைகள் சட்டையை நனைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள் என்று அந்த நாலைந்து மாதத்தில் நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் மிஸ்ஸால்தான், ஒன்று இருமினால் மிஸ்ஸால்தான், ஒன்றுக்குச் சோறு இறங்கவில்லை என்றால் அதற்கும் நான் வகுப்பில் வைத்திருந்த நீல நிறத் தண்ணீர் டப்தான் காரணம். மலையில் பனி இறங்கினால் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்காதா? போன வருடம் டப் இல்லாதபோது யாருக்குமே மூக்கு ஒழுகவில்லையா? இதையெல்லாம் கேட்க நாக்கு துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, "நாளைக்கு ஜாக்கிரதையாப் பாத்துக்கிறேங்க" என்று சொல்லி அனுப்புவேன்.

ஜவ்வாது மலையில் சிஸ்டர்கள் நடத்தும் சின்னப் பள்ளிக்கூடம் அது. என் வகுப்பில் பதினெட்டுப் பேர். எனக்குச் சொந்த ஊர் படவேடு. வாரம் முழுக்க மலையிலேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். அந்தக் கோடை லீவில் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியலை வாயால் சொல்லாதீர்கள், கையில் கொடுங்கள் என்றார்கள். மூன்று நாள் உட்கார்ந்ததில் எனக்கு உருப்படியாகப் பட்டது அது ஒன்றுதான். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சந்தவாசல் கடைத்தெருவில் இருந்ததிலேயே பெரிய டப்பாகப் பார்த்து வாங்கி பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் டப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னா மிஸ், புள்ளைங்கள குளிப்பாட்டவா எத்துனு போறீங்க?" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலையிலிருந்து டப்பைச் சுற்றித்தான் எங்கள் காலை நேரம் ஓடியது. புளியங்கொட்டை, இலை, கூழாங்கல், ரப்பர், ஸ்பூன், யாரோ கழற்றிப் போட்ட சட்டைப் பொத்தான், எது கையில் கிடைத்தாலும் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். காந்தத்தை மணலில் இழுத்து, அதில் கறுப்புத் தூள் மீசை போல ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துக் கத்தினார்கள். ஈரத் துணியில் பயறு கட்டி வைத்தால், முளைத்ததா என்று அரை மணிக்கொரு தரம் அவிழ்த்துப் பார்த்து அதைச் சாகடித்தார்கள். எனக்குக் கோபம் வரும், கத்துவேன், அடுத்த நாள் வேறு பயறு கொண்டுவருவேன்.

இவர்களுக்குள் ஒரு பெண் பிள்ளை. நாலு வயது. ஜூனில் சேர்ந்ததிலிருந்து அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது "பிரசன்ட் மிஸ்" என்றுகூடச் சொன்னதில்லை. கூப்பிட்டால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். அவளுடைய அப்பா சாமை விதைப்பது போக மற்ற நாளில் உலக்கையும் மண்வெட்டிக் காம்பும் செதுக்கி விற்கிறவர். அம்மாதான் தினமும் கொண்டுவந்து விடுவாள். இந்தப் பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. ஒருநாள் ஆரஞ்சுப் பழத்தை டப்பில் போட்டோம், மிதந்தது. தோலை உரித்துவிட்டுப் போட்டோம், அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது என் முழங்கைக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"சட்டயக் கழட்டினா முழுவிடுது மிஸ்."

அவள்தான். ஐந்து மாதத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு. எந்தப் பயிற்சியிலும் இவ்வளவு சரியாக யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. தோலில் இருக்கிற காற்றுதான் பழத்தைத் தூக்கிப் பிடிக்கிறது என்பதை அந்தப் பிள்ளை சட்டை என்று சொல்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து டப்புக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் பேசுவாள். பெஞ்சில் போய் உட்கார்ந்தால் பழையபடி வாய் மூடிவிடும்.

இதெல்லாம் பெற்றோருக்கு எங்கே தெரிகிறது? அவர்களுக்கு நோட்டு வேண்டும். நாலு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத்து வேண்டும், அதன் கீழே சிவப்பு இங்கில் ஒரு 'குட்' வேண்டும். மகளைப் பைக்கில் கொண்டுவந்து விடும் ஒருத்தர், வகுப்பு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "இன்னா மிஸ், பொண்ணு இன்னும் ஏபிசிடி எழுத மாட்டேங்குது, தண்ணில கல்லு போட்டுனு கீது. இதுக்கு நான் ஓடையாண்டயே வுட்ருப்பனே" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இதே மலையில் காவலூரில் நட்சத்திரம் பார்ப்பதற்குக் தொலைநோக்கி வைத்துக் கட்டிடம் கட்டியிருக்கிறார்கள். நான் ஒரு டப் தண்ணீருக்குச் சண்டை போடுகிறேன்.

அந்தப் பைக் அப்பா என்னோடு விடவில்லை. நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு தலைமை சிஸ்டரிடம் போய்விட்டார். சிஸ்டர் நல்லவர். கூப்பிட்டு உட்கார வைத்து, எனக்குப் புரிகிறது டீச்சர், பெற்றோருக்கும் புரிய வேண்டுமே என்றார். டிசம்பரில் பெற்றோர் தினம் வருகிறது, அன்று மேடையில் டப்பை வைத்துப் பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள், நன்றாகச் சொன்னால் டப் இருக்கட்டும், இல்லையென்றால் பழையபடி நோட்டு என்று முடித்துவிட்டார். டப் போனால் அந்தப் பெண் பிள்ளையின் பேச்சும் அதோடு போய்விடும். எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

பயத்தில் நான் செய்த காரியத்தைத்தான் இனி சொல்ல வேண்டும். பயிற்சியில் கொடுத்த அட்டையைச் சுவரில் ஒட்டினேன். கல் மூழ்கும். மரக்கட்டை மிதக்கும். ஆணி மூழ்கும். இலை மிதக்கும். ஆளுக்கு ஒரு பொருள், ஆளுக்கு ஒரு வாக்கியம். அந்தப் பெண் பிள்ளைக்கு மரக்கட்டை கொடுத்தேன். மேசை செய்தபோது மிஞ்சிய லேசான துண்டு அது. அவள் அதை வாங்கிக்கொண்டு, "கட்ட முழுவும் மிஸ்" என்றாள்.

இல்லடா தங்கம், கட்டை மிதக்கும் என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள். "எங்க வூட்டுக் கட்ட முழுவும். குட்டைல கீது." மற்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பெற்றோர் தினத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. இந்த நேரத்திலா இவளுக்கு வழக்குப் பேச வரவேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கொண்டு வா, போட்டுப் பார்க்கலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். எத்தனை பெற்றோரிடம் இதே வாயால், பிள்ளைகள் தாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று லெக்சர் அடித்திருப்பேன்! அன்றைக்கு அது வாயில் வரவில்லை. அட்டையைக் காட்டி, மரக்கட்டை மிதக்கும் என்று மூன்று தரம் அவளைச் சொல்லவைத்தேன். மூன்றாவது தரம் சத்தமாகவே சொன்னாள்.

போதாக்குறைக்கு மறுநாள் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. போளூரிலிருந்து ஆள் வரவேண்டும். ஆள் இன்றைக்கு வருகிறான், நாளைக்கு வருகிறான் என்று ஒரு வாரம் போனது. கைப்பம்பிலிருந்து எடுத்துவந்த தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்கும்தான் போதுமாக இருந்தது. ஒத்திகையை நிறுத்த முடியுமா? காலி டப்பை நடுவில் வைத்து ஒத்திகை பார்த்தோம். ஒரு பிள்ளை கல்லைத் தூக்கிக் காட்டி, மூழ்கும் என்று சொல்லி டப்பில் போடும், டமாரென்று சத்தம் வரும். அடுத்த பிள்ளை இலையைக் காட்டி, மிதக்கும் என்று சொல்லிப் போடும். அதுவும் அடியில்தான் கிடக்கும். அந்தப் பெண் பிள்ளை கட்டையைப் போட்டு, அது காலி டப்பின் அடியில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே மிதக்கிறது என்று சொன்னாள். தினமும் நாலு தரம், ஐந்து தரம். கூசாமல் நானும் 'வெரி குட்' சொன்னேன். ரெண்டு குடம் தண்ணீரை நானே தூக்கிக்கொண்டு வந்திருந்தால் என்ன, இடுப்பு ஒடிந்தா போயிருக்கும்? இப்போது நினைத்தாலும் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

பெற்றோர் தினத்துக்கு முந்தின நாள் ஒருவழியாக மோட்டார் ஓடியது. மேடையில் டப் நிறையத் தண்ணீர். பதினெட்டுப் பேரும் வரிசையாக வந்தார்கள். ஒருத்தனும் சொதப்பவில்லை. அந்தப் பெண் பிள்ளை மைக்கைப் பார்த்து, மரக்கட்டை மிதக்கும் என்று பெரிதாகச் சொல்லிக் கட்டையைத் தண்ணீரில் விட்டாள். மேசைத் துண்டு அழகாக மிதந்தது. கைதட்டல் அடங்க நேரமானது. சிஸ்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், டப் இருக்கட்டும் என்று அர்த்தம். பைக் அப்பாகூட வந்து, இப்படிச் சொல்லிக் கொடுத்தால் போதும் மிஸ், பிள்ளை டக் டக்கென்று பதில் சொல்கிறதே என்றார். ஜெயித்துவிட்டோம் என்று நானும் பல்லைக் காட்டினேன். அவர் எதற்காகப் பாராட்டுகிறார் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பிள்ளையின் அம்மா தயங்கித் தயங்கி வந்தாள். பிள்ளை மைக்கில் பேசியதில் அவளுக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் ஒன்று கேட்க வேண்டுமாம், நான் தப்பாக நினைக்கக் கூடாதாம்.

"ஆச்சாக் கட்ட முழுவுமே மிஸ். ஒலக்கைக்கு வெட்டினா எங்க ஆளு மொதல்ல குட்டைல போட்டுப் பாப்பாரு. முழுவிச்சினாதான் ஒலக்கைக்கு ஆவும். மிதந்துச்சினா அடுப்புக்குப் போட்ருவோம். இவதான் எத்தினி தபா கூடப் போயிப் பாத்துகீறா."

எனக்கு முகம் செத்துவிட்டது. ஆச்சா மரம் மலையில் எல்லோருக்கும் தெரிந்த மரம். அதன் உலக்கையைத் தூக்கியவர்களுக்கு அந்தக் கனம் தெரியும். படவேட்டில் எங்கள் வீட்டிலேயே ஒன்று சுவரோரம் சாத்தியிருக்கிறது. அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கிறாள். நான் அட்டையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை வரும்போது ஆச்சாக் கட்டை ஒரு துண்டு கொண்டுவர முடியுமா என்று அம்மாவிடம் கேட்டேன். அதற்கென்ன மிஸ் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படிச் சரிசெய்வது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் அவள் கையாலேயே கட்டையைத் தண்ணீரில் விடட்டும், முழுகுகிறது என்று அவள் வாயாலேயே சொல்லட்டும். அப்புறம் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும், அவள் சொன்னதுதான் சரி, மிஸ்தான் தப்பு என்று சொல்லிவிடலாம். அது போதும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அம்மா ஒரு முழத் துண்டு கொண்டுவந்தாள். கருஞ்சிவப்பாக, கையில் வாங்கியதும் கீழே இழுத்தது. டப் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அம்மா ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை இரண்டு கையாலும் கட்டையைத் தூக்கித் தண்ணீரில் விட்டாள். அது ஒரு நொடிகூட நிற்காமல் அடியில் போய்த் தட்டியது.

என்ன ஆச்சு என்று அவளைக் கேட்டேன்.

"மிதக்குது மிஸ்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். உள்ளே கையை விட்டுப் பார், கட்டை எங்கே இருக்கிறது என்றேன். சட்டைக் கை நனைய முழங்கை வரை விட்டுத் தொட்டுப் பார்த்து, அடியில் கீது என்றாள். அப்படியென்றால் என்ன என்று மறுபடி கேட்டேன். மிதக்குது மிஸ் என்றாள், கொஞ்சம்கூடத் தடுமாறாமல். மற்ற பிள்ளைகளைக் கேட்டேன். அவர்களும் அதையே சேர்ந்து சொன்னார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. கண்ணைத் திறந்து பாருங்களேன் என்று கத்திவிட்டேன்.

ஜன்னலோரம் நின்ற அம்மாவுக்கே பொறுக்கவில்லை. வீட்டில் முழுகும் முழுகும் என்று நீதானேடி சொல்வாய், இங்கே வந்து ஏன் மாற்றிப் பேசுகிறாய் என்று மகளை அதட்டினாள். பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்க்கவில்லை. இதுகூடத் தெரியாதா என்பது போலப் பொறுமையாகச் சொன்னாள்.

"வூட்லதாம்மா முழுவும். இஸ்கூல்ல மிதக்கும்."