இசக்கியின் உரத்த குரல்

இசக்கி என் வீட்டுக்காரரோடு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவன். தகடு அடிக்கும் மெஷின் சத்தத்தில் கத்தினால்தான் பக்கத்து ஆளுக்குக் கேட்கும். அந்தக் குரலே வீட்டிலும் நிலைத்துவிட்டது. அவன் பேசினாலே அவனுடைய இரண்டு வயது மகள் மதுமிதா அழுவாள். அவனிடம் போகவே மாட்டாள். அது அவனுக்குப் பெரிய குறை.

பொங்கல் லீவுக்குக் குடும்பத்தோடு வாலாஜாபாத் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

முதல் நாள் வயலோரம் நின்று, "ஏட்டி, அப்பாட்ட வா!" என்றான். கொக்கெல்லாம் பறந்தன. குழந்தை என் புடவைக்குள் ஒளிந்தாள்.

"இன்னாத்துக்குப்பா கத்துற? இங்க மெஷினா ஓடுது?" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர்.

"சாதாரணமாத்தானண்ணே பேசுதேன்."

"ஒங்களுக்குச் சாதாரணம். புள்ளைக்கு இடி இடிக்க மாதிரி இருக்கு" என்றாள் அவன் மனைவி தங்கமாரி.

அதன்பின் அன்று அவன் வாயே திறக்கவில்லை.

மறுநாள் மதியம் வயலில் ஒரு சத்தமும் இல்லை, பம்பு செட்டும் ஓடவில்லை. அவன் வரப்பில் உட்கார்ந்து, உள்ளங்கையில் ஒரு நத்தையை வைத்து, அதனிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கொஞ்ச தூரத்தில் விளையாடிய மதுமிதாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து கிட்டே போனாள். அவன் திரும்பிப் பார்க்காமல் நத்தையிடமே பேசினான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு காதை நீட்டினாள்.