இடது பக்கத்துப் பிரேக்கு

நீங்க சிரிச்சாலுஞ் சரிங்க, சொல்லிப்போடறேன். பேயி, காத்துக் கருப்பு, இதுலெல்லாம் எனக்கு ஒரு பொட்டு நம்பிக்கை கெடையாது. எங்க கம்பெனில தைக்க வர்ற பொண்ணுங்க, பாத்ரூம்ல யாரோ நிக்கறாங்கன்னு பயந்துட்டு வேலைக்கே வரமாட்டோம்னப்ப, உள்ள போயி கதவச் சாத்திட்டு நின்னு காட்டுனவ நானு.

என்ற ஊட்டுக்காரருக்குக் காருன்னா உசுருங்க. பனியன் கம்பெனி நடத்துறாருன்னு பேரு, மனசு பூராம் ஒர்க்‌ஷாப்புலதான். கொமரலிங்கத்துல ஒரு தோட்டத்துல பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு தென்னங்கீத்துக்கு அடியில கெடக்குதுன்னு யாரோ சொல்ல, போயி லாரில ஏத்திட்டே வந்துட்டாரு. ரெண்டே பேர் உக்கார்ற கார், தரையோட தரையா இருக்கும், வெளிநாட்டு வண்டிங்கறதால ஸ்டீயரிங் இடது பக்கம். எலி கூடு கட்டி, துருப்புடிச்சு, பாக்கச் சகிக்காது.

ஜேம்ஸுன்னு ஒரு மெக்கானிக், நாசரேத்துப் பக்கத்துக்காரரு, இங்க வந்து கடை போட்டு ரொம்ப வருசமாச்சு. அவரும் இவருமா உக்காந்து பேசி, வெளிய பாத்தா பழசு, உள்ள அத்தனையும் புதுசுன்னு முடிவு பண்ணிட்டாங்க. டர்போ எஞ்சின், ஆறு கியர், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கு. ஸ்டீயரிங்கையும் வலது பக்கம் மாத்தியாச்சு. இடது பக்கம் பழைய பெடலெல்லாம் இருந்த எடத்த வெட்டி எடுத்துட்டு, புதுத் தகடு வெச்சு வெல்டிங் அடிச்சு மூடிட்டாங்க. சீட்டுக்கும் கார்பெட்டுக்கும் நாந்தான் அளவெடுத்துத் தெச்சேன், நம்ம தொழிலே அதுதானுங்களே. அதனால சொல்றேன், அந்தத் தகட்ட என்ற கையால தடவிப் பாத்திருக்கேன். மொழுக்குன்னு இருந்துச்சு, ஒரு ஆணி கூட இல்ல.

ஹேண்ட் பிரேக்குக்கு மட்டும் இன்னும் வயர் குடுக்கல. ஜேம்ஸ் சொன்னாருங்க, "அண்ணாச்சி, அது முடியட்டும், அப்புறம் ரோட்டுக்கு எடுப்போம்"னு. இவரு கேக்கோணுமே. "சும்மா குன்னத்தூர் தாண்டி ஒரு சுத்து, வா புள்ள"ன்னு என்னையும் ஏத்திட்டாரு. பட்டப்பகல்தானுங்க, நல்ல வெய்யிலு.

போகப்போக வண்டி சும்மா பறக்குது. இவரு மூஞ்சில அப்பிடியொரு சிரிப்பு. சேவூர் பக்கம் போற வழியில ஒரு எறக்கம் வரும், அதுல எறங்கறப்ப கீழ பாத்தா ஒரு மில்லு வேன் ரோட்டுக்குக் குறுக்க திருப்பிட்டு நிக்குது, ஷிப்ட் முடிஞ்ச பொண்ணுங்க டிபன் பையோட எறங்கி எங்களைப் பாக்காம ரோட்டத் தாண்டிட்டு இருக்குதுங்க. ஒரு பக்கம் வேனு, இன்னொரு பக்கம் சுவரில்லாத கெணறு. ஒதுங்க வழியே இல்ல.

இவரு பிரேக்க மிதிச்சாரு. பெடலு சத்தமே இல்லாம அடிவரைக்கும் போயிருச்சு. திரும்பி வரவும் இல்ல. "பிரேக் புடிக்கல, பிரேக் புடிக்கல"ன்னு கத்துறாரு, ரெண்டு காலையும் ஒண்ணா வெச்சு மிதிக்கிறாரு, ஹாரன அமுக்குறாரு. கியரத் தட்டிப் பாத்தாரு, அதுவும் விழுகல. ஒரு புள்ள மட்டும் திரும்பிப் பாத்துட்டு அப்பிடியே நின்னுடுச்சு, நடு ரோட்டுல. அது மூஞ்சி எனக்கு இப்பவும் தெரியுதுங்க.

பக்கத்துல உக்காந்திருந்தா எல்லாருமே பயத்துல தரைய மிதிப்போமல்லங்க, அப்பிடித்தான் நானும் மிதிச்சேன். என்ற வலது காலுக்கு அடியில ஒரு பெடலு இருந்துச்சுங்க. நம்புனா நம்புங்க. செருப்பு கழண்டுபோயி வெறுங்காலு, ரப்பர்ல இருக்கற கோடு கோடான வரி உள்ளங்கால்ல அழுந்துது. நான் மிதிக்க மிதிக்க அது எதுத்துத் தள்ளுது. வண்டி கீச்சுன்னு கத்திட்டு, முன்னால குனிஞ்சு, அந்தப் புள்ளைக்கு ரெண்டு மூணு முழம் இருக்கறப்ப நின்னுபோச்சு.

எஞ்சின் மட்டும் உறுமிட்டே இருக்குது. நான் சித்தெ நேரங் கழிச்சு, மூச்சு விட்டு, ரெண்டு காலையும் மெதுவா எடுத்தேன். உடனே வண்டி ஒரு குலுங்கு குலுங்கி ஆஃப் ஆயிருச்சு.

இவரு போன் பண்ணவும் ஜேம்ஸ் பைக்குல வந்து சேந்தாரு. கீழ படுத்துப் பாத்தவரு எந்திரிக்கவே இல்ல. "அண்ணாச்சி, பெடலையும் பிரேக்கையும் சேக்குற கம்பியே கழண்டு தொங்குது. நீங்க மிதிச்சது வெறும் பெடலத்தான்"னாரு. அப்பறம் சக்கரத்துக்கிட்ட கைய வெச்சு வெடுக்குன்னு எடுத்துட்டாரு. "நாலு டிஸ்க்கும் சுடுதே. பிரேக்கு புடிச்சிருக்கே. யாரு புடிச்சா?"

நான் சொன்னேன். அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. அங்கயே கார்பெட்டப் பிரிச்சாரு, நான் தெச்ச தையல அறுத்து. தகடு அப்பிடியே இருந்துச்சுங்க, மொழுக்குன்னு.

"அக்கா, இன்னொண்ணு. கியரு மூணுலயே கெடக்கு. கியருல இருக்க வண்டி நின்னா எஞ்சினும் அப்பவே நிக்கணும், கிளட்ச மிதிச்சாத்தான் ஓடும். அண்ணாச்சிக்கு ரெண்டு காலும் பிரேக்குல. அப்ப கிளட்ச மிதிச்சது யாருக்கா?"

நான் குனிஞ்சு என்ற இடது காலப் பாத்தேன்.

இதுக்கெல்லாம் ஒரு கதை இருக்கும்னு நெனச்சு, கொமரலிங்கத்துக்கே போயி விசாரிச்சோமுங்க. அந்தக் கார்ல யாரும் சாகல. மோதல் கூட ஆனதில்ல. வெச்சிருந்தவரு வயசாகி ஊட்டுக் கட்டல்லயே போயிருக்காரு. நல்ல மனுசன், நெதானமா ஓட்டுவாருன்னாங்க, அவ்வளவுதான்.

காரு இப்பவும் எங்ககிட்டத்தான் இருக்குது. இவரு ஓட்டறாரு, நான் ஏறமாட்டேன். ஆனா அது பிரச்சனை இல்லீங்க. வேற யாரு கார்ல உக்காந்தாலும், குறுக்க ஒரு ஆடு மாடு வந்தாக்கூட என்ற வலது காலு எறங்குது. அதாச்சும் எல்லாருக்கும் வர்றதுதான். வண்டி நிக்கப்போற அந்த நேரத்துக்குச் சரியா, இடது காலும் தன்னால எறங்குதுங்க, கிளட்ச மிதிக்கறாப்பல. ஒருக்கா கூடத் தப்பினதில்ல.

எனக்கு ஸ்கூட்டி தவிர எதுவும் ஓட்டத் தெரியாதுங்க.