ஊசியைக் கண்டால் மயங்கும் கிரேன்காரர்

என் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வீடு அளவுள்ள இரும்புப் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி, லாரியின் மேல் அலுங்காமல் வைப்பார். காற்றில் கூண்டு ஆடும்போது கீழே நிற்பவர்கள்தான் பயந்து அண்ணாந்து பார்ப்பார்கள். அவர் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார். ஆனால் ஊசியைக் கண்டால் மயங்கி விழுந்துவிடுவார்.

முதலில் விழுந்தது ஏழு வயதில், பள்ளியில் தடுப்பூசி போட்டபோது. "ஆம்பளப் பிள்ளை இப்படியா விழுவான்?" என்று அப்பா எல்லார் முன்னாலும் திட்டினார். அதன்பின் அண்ணன் ஊசி இருக்கும் பக்கமே போகவில்லை. சொத்தைப் பல்லோடு மூன்று வருடம் ஒரு பக்கமாகவே மென்றார். மகள் பிறந்தபோது வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார். பெண்டாட்டி மேல் பாசமில்லாதவன் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். ஏன் நின்றாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

போன வருடம் நிர்வாகம் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்றது. அண்ணன் வெட்கத்தை விட்டு நர்ஸிடம் முன்கூட்டியே சொன்னார்: "எனக்கு மயக்கம் வரும்மா. படுத்துக்கிட்டே கொடுக்கிறேன்."

"இவ்வளவு பெரிய மீசையை வெச்சுக்கிட்டு இதுவா?" என்று சிரித்த அந்த அம்மாள், இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு அவரை நாற்காலியில் அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். ஊசி இறங்கியது. அண்ணன் சாய்ந்தார். மேசை விளிம்பு பட்டுப் புருவம் கிழிந்தது. தூக்கிவிட வேண்டிய சூப்பர்வைசர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்குள் துறைமுகம் முழுக்க அதைப் பார்த்துவிட்டது. எனக்கும் வந்தது. முதல் தடவை நானும் சிரித்தேன். அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த வாரம் அவரைக் கிரேனிலிருந்து இறக்கி, கேட்டில் சீட்டு எழுத உட்கார வைத்தார்கள். உயரத்தில் மயங்கிவிடுவாராம்! பன்னிரண்டு வருடத்தில் ஒரு பெட்டியைக்கூட உரசாத மனிதர். ஊசிக்கு மயங்குவதற்கும் உயரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விசாரிக்க ஒரு டாக்டருக்கும் நேரமில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்று மனநல நிபுணர் இருப்பதை அண்ணிதான் விசாரித்து வந்தார்.

"எனக்கென்ன பைத்தியமா?" என்றார் அண்ணன்.

"உங்களைப் பிடிச்சு அமுக்கினவங்களுக்குத்தான் பைத்தியம். சட்டையப் போடுங்க."

நானும் கூடப் போனேன். நிபுணர் ஒரு பெண்மணி. அண்ணன் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டுப் பேசினார்: "இது கோழைத்தனம் இல்லீங்க. மத்த பயத்துல ரத்த அழுத்தம் ஏறும். உங்களுக்கு ஏறின கையோட சட்டுனு இறங்கிடுது. அதான் விழறீங்க. நிறைய பேருக்கு இது உண்டு. பழக்கி மாத்தலாம்."

"அப்ப இத்தனை வருஷமா என்னை எதுக்குத் திட்டினாங்க?" என்றார் அண்ணன்.

நிபுணர் அன்றே ஒரு பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார்.

பயிற்சி எளிதுதான். கை, தொடை, வயிறு எல்லாவற்றையும் இறுக்கி, முகம் சூடாகும்வரை வைத்திருந்து, தளர்த்த வேண்டும். திரும்பவும் இறுக்க வேண்டும். அதைச் செய்துகொண்டே முதலில் ஊசியின் படத்தைப் பார்த்தார். பிறகு மூடி போட்ட ஊசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அடுத்து, இன்னொருவருக்கு ரத்தம் எடுப்பதைப் பார்க்க வேண்டும். நான் கையை நீட்டினேன். அன்று அவர் வெளுத்துப்போய்க் கட்டிலில் சாய்ந்துவிட்டார். நிபுணர் அவசரப்படுத்தவில்லை. மறுவாரம் மறுபடியும் நீட்டினேன்.

மூன்றாம் மாதம் அண்ணன் அதே நர்ஸிடம் போனார்.

"ஆளுங்களைக் கூப்பிடட்டுமா?"

"யாரும் என்னைத் தொடக்கூடாது. நான் படுத்துக்கிறேன். நான் சரின்னு சொன்னப்புறம் குத்துங்க."

குத்தினார்கள். மயங்கவில்லை. நிபுணர் கொடுத்த கடிதத்தையும் காட்டிச் சண்டை போட்டுக் கிரேனைத் திரும்ப வாங்கினார்.

அன்று சூப்பர்வைசர் தோளில் தட்டி, "பாத்தியா, நாங்க கிண்டல் பண்ணதாலதான் சரியாச்சு" என்றாராம்.

அண்ணன் அந்தக் கையை எடுத்துவிட்டு, "அந்த வீடியோவை என் கண் முன்னால அழிங்க" என்றார். அழித்தார். மற்றவர்கள் போனில் இருப்பதை யார் அழிப்பது? புருவத்தில் தழும்பு இருக்கிறது. நிர்வாகத்திடமிருந்து ஒரு வரி மன்னிப்புகூட வரவில்லை. அண்ணன் விட்டுவிடு என்கிறார். நான் மூன்றாவது புகார்க் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.