ஒரு கைக்கு ஆறு ஹோல்டர்கள்

வடமேற்கு யூட்லாந்தில், லிம்ஃபியோர்டு என்ற கடற்கழியின் கரையில் இருக்கும் ஸ்டோர்ஹெலே எங்கள் ஊர். அங்கே இருபத்திரண்டு வருடம் நான் வீடு வீடாகத் தபால் கொடுத்தேன். போடில் கிரன்பெக்கின் வீடு என் வழியில் கடைசிக்கு முந்தையது. சாலையோரம் தபால் பெட்டி இருந்தும் நான் பட்டறைக்குள் போய்த்தான் கடிதத்தைக் கொடுப்பேன். காபி அங்கேதான் இருக்கும்.

போடில் மரம் கடைபவர். சாப்பாட்டு மேசையில் வைத்து, தலையைத் திருகினால் மிளகு பொடியாகி விழுமே, அந்த மரக் குடுவைகளைத்தான் செய்வார். அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் கால் கடைந்தார். தொழிற்சாலையை மூடியபோது அங்கிருந்த மரம் கடையும் லேத்துகளில் ஒன்றை வாங்கி, பக்கத்து வீட்டு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து தன் கொட்டகையில் நிறுத்தினார். கணவர் ஒருவர் இருந்தார். அவருக்கு லேத்தின் இரைச்சல் பிடிக்கவில்லை, தனக்கு அவருடைய முணுமுணுப்பு பிடிக்கவில்லை, அதனால் அவர் ஆல்போர்க் நகரத்துக்குக் குடிபோய்விட்டார் என்று போடில் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். அதற்கு மேல் அந்தக் கதையில் எதுவும் இல்லை.

1994 பிப்ரவரியில், அவருடைய நாற்பத்தேழாவது வயதில், ரொட்டி வாங்க சைக்கிளில் போனவர் பனி உறைந்த திருப்பத்தில் சறுக்கி விழுந்தார். இடது தோள் நடைபாதைக் கல்லில் மோதியது. எலும்பு முறியவில்லை. ஆனால் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் வேரோடு அறுந்துவிட்டன. ஏப்ரலில் வீடு திரும்பியபோது இடது கை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. இனி அது திரும்பாது என்று மருத்துவர்கள் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

நகராட்சியிலிருந்து ஒரு பெண் படிவங்களோடு வந்தார். இளகிய மனசுக்காரர். வேலை செய்ய முடியாதவர்களுக்கான ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்துவிடலாம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். நானும் அப்போது அங்கே காபியோடு உட்கார்ந்திருந்தேன். போடில் முழுவதையும் கேட்டுவிட்டு பேனாவை அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கையெழுத்துப் போட ஒரு கை போதும்னு தெரியுது. வேற எதுக்கெல்லாம் போதும்னு பார்த்துட்டு உங்களுக்கு போன் பண்றேன்."

முதல் ஆறு வாரம் வெளிப்பக்கத்தைக் கடையப் பழகினார். உளிக்கு முழங்கைக்கும் மேல் நீளும் கைப்பிடி ஒன்றைச் செய்து, அதை அக்குளில் இடுக்கிக்கொண்டார். கை செய்ய வேண்டியதை உடம்பு செய்தது. இடுப்பை மெல்லத் திருப்பினால் உளி மரத்தின் மேல் ஊர்ந்தது. முதலில் வந்தவை குடுவைகள் அல்ல, உருளைக்கிழங்குகள் என்று அவரே சொன்னார். ஜூன் பிறப்பதற்குள் அவை மறுபடி குடுவைகள் ஆகிவிட்டன.

உட்பக்கம்தான் வழிக்கு வரவில்லை. மிளகுக் குடுவை முழுக்கக் குடைந்தது. அடியில் அரைக்கும் இயந்திரம் உட்காரும் அகலக் குழி, அதற்கு மேல் கொஞ்சம் குறுகலாக இன்னொன்று, நடுவில் நீளமாக ஒரு துளை, மூடியில் இரண்டு. ஆக ஒரு குடுவைக்கு ஐந்து அளவு டிரில் பிட் வேண்டும். லேத்தின் இடது கோடி மரத்தைப் பிடித்துச் சுழற்றும். வலது கோடியில் நகர்த்தக்கூடிய ஒரு தலை இருக்கும். டெயில்ஸ்டாக் என்பார்கள். அதன் மூக்கில் டிரில் பிட்டை மாட்டி, பின்னாலிருக்கும் கைச்சக்கரத்தைச் சுற்றினால் பிட் முன்னேறி மரத்தைக் குடையும். சுற்றுவது ஒரு கை வேலைதான். ஆனால் பிட்டை மாற்றும்போது ஒரு கை பிட்டைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை அதை இறுக்கும் சாவியைத் திருக வேண்டும். போடில் பிட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு திருகிப் பார்த்தார். முழங்காலில் முட்டுக் கொடுத்துப் பார்த்தார். மெழுகு உருண்டையில் குத்தி நிறுத்திப் பார்த்தார். முன்பு கண் மூடித் திறப்பதற்குள் நடந்த மாற்றத்துக்கு இப்போது கால் மணி நேரம் ஆனது.

ஒரு நாள் நான் உள்ளே போனபோது அவர் லேத்தை நிறுத்திவிட்டு டெயில்ஸ்டாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி ஊற்றச் சொன்னார். பிறகு, "தப்பு என் கையில இல்ல. அஞ்சு பிட்டுக்கும் ஒரே ஒரு பிடி வெச்சிருக்கான் பாரு, அங்கதான் தப்பு" என்றார்.

அன்று மதியமே துறைமுகத்துக்குப் போனார். அங்கே மீன்பிடிப் படகுகளின் இன்ஜின்களைப் பழுது பார்க்கும் பட்டறையை பிரேபென் தாங் என்பவர் வைத்திருந்தார். ஐம்பது வயது, கல்யாணம் ஆகாதவர், இரும்பு கடைவதில் கெட்டிக்காரர். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டார். போடில் கேட்டது எளிமையானது. ஒவ்வொரு பிட்டுக்கும் தனித்தனியாக ஓர் எஃகு ஹோல்டர். பிட் அதில் நிரந்தரமாக இறுகியிருக்க வேண்டும். ஹோல்டரின் பின்பக்கம் கூம்பாக இருக்க வேண்டும். அந்தக் கூம்பை டெயில்ஸ்டாக்கின் மூக்கிலுள்ள குழலில் ஒரு தட்டு தட்டினால் கவ்விக்கொள்ளும். சக்கரத்தைக் கடைசி வரை பின்னால் சுற்றினால் தானாக வெளியே தள்ளப்படும். சாவியே வேண்டாம். பிட்டுகளுக்கு ஐந்து. மரத்துண்டை இடது கோடிக்கு எதிராக அழுத்திப் பிடிக்கும் முனைக்கு ஒன்று. மொத்தம் ஆறு.

பிரேபென் ஒன்பது நாளில் செய்து கொடுத்தார். போடிலின் வேலை மறுபடி வேகம் பிடித்தது. தட்டு, குடை, பின்னால் சுற்று, அடுத்தது. நான் வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போவேன்.

மூன்றாவது வாரம் விபத்து நடந்தது. அகலக் குழிக்கான பெரிய பிட்டைப் பின்னுக்கு இழுக்கும்போது மரம் அதைக் கவ்விக்கொண்டது. கூம்பு குழலிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. கால் கிலோ எஃகு சுழலும் மரத்தோடு சேர்ந்து இரண்டு சுற்று சுற்றி, கழன்று பறந்தது. நான் போனபோது போடில் குழாயடியில் இடது கையைக் கழுவிக்கொண்டிருந்தார். சட்டைக் கையெல்லாம் ரத்தம். அடி பட்டதே அவருக்குத் தெரியவில்லை. தரையில் சொட்டியதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

"உணர்ச்சி இல்லாத கையில பட்டதும் நல்லதுக்குத்தான்" என்றார். ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது.

இரண்டு கை உள்ளவர்கள் பிட்டை வெளியே எடுக்கும்போது இடது கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். அதை ஒரு வேலை என்றே யாரும் நினைப்பதில்லை. அவரும் முப்பது வருடம் அப்படித்தான் செய்துவந்தார், யோசிக்காமல்.

அதன்பின் மூன்று நாள் பட்டறை பூட்டியிருந்தது. கடிதங்களைப் பெட்டியிலேயே போட்டேன். நான்காம் நாள் அவர் சமையலறை ஜன்னலைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். மேசையில் கறுப்பு ரை ரொட்டியும் ஈரல் விழுதும் இருந்தன. ரொட்டி நழுவாமல் இருக்க ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, அதில் குத்தி வைத்து விழுதைத் தடவினார். அடி பட்டதற்குப் பயப்படவில்லை என்றார். நகராட்சிப் பெண் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்றுதான் பயம். நான் சமாதானமாக ஏதோ சொல்லப் போனேன். சாப்பிடு, வாடிப்போன முகத்தோடு உட்காராதே என்று அடக்கிவிட்டார்.

வழி டிராக்டரிலிருந்து கிடைத்தது. எதிர் வயலில் பக்கத்து வீட்டுக்காரர் எஸ்கில், டிராக்டருக்குப் பின்னால் வண்டியைக் கோத்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க் குழாயின் முனையை டிராக்டரின் பின்னாலிருந்த பூட்டுக்குள் ஒரே கையால் தள்ளினார். 'டக்' என்று பூட்டிக்கொண்டது. குழாயைக் கழற்ற, அதே கையால் வெளி வளையத்தைப் பின்னுக்கு இழுத்தார், விட்டுவிட்டது. நாங்கள் இருவரும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம். நான் பார்த்தது எஸ்கிலை. போடில் பார்த்தது அந்த வளையத்தை. கையிலிருந்த ரொட்டியை வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனார். எஸ்கிலை மாட்டச் சொல்லி, கழற்றச் சொல்லி, பத்துப் பன்னிரண்டு தடவை செய்ய வைத்தார். கடைசியில் வீட்டில் உபரியாக அப்படி ஒரு பூட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

துறைமுகத்தில் நடந்ததை பிரேபென் பிற்பாடு என்னிடம் சொன்னார். அவர் அந்தப் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எண்ணெய்க் குழாய்க்கு உள்ளது" என்றாராம்.

"அது மரத்துக்குத் தெரியவா போகுது?" என்றார் போடில்.

"டெயில்ஸ்டாக் மூக்கு மேல ஒரு வளையம் போடணும். ஆறு ஹோல்டர்லயும் பள்ளம் வெட்டணும். பிட்டு சுத்தாம இருக்க ஒரு முளை வேற." பூட்டை மேசையில் வைத்துவிட்டு, "முடியும். ஆனா பார்க்க நல்லா இருக்காது" என்றார்.

"நான் அதைக் கல்யாணமா பண்ணிக்கப் போறேன், பிரேபென்?"

முதல் வளையத்தில் ஒரு குறை இருந்தது. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே சக்கரத்தையும் சுற்ற வேண்டியிருந்தது. அதற்கு மறுபடி இரண்டு கை. பிரேபென் அதைக் கழற்றி எடுத்துப்போய், ஒரு முறை இழுத்தால் அப்படியே திறந்து நிற்கும்படியும், அடுத்த ஹோல்டரைத் தள்ளும்போது தானே முன்னால் பாய்ந்து பூட்டும்படியும் மாற்றினார். ஜூலைக் கடைசியில் அதை மாட்டினார்கள். போடில் பெரிய பிட்டை மரத்துக்குள் ஆழமாக விட்டு, வேண்டுமென்றே அவசரமாகப் பின்னுக்கு இழுத்தார். மரம் கவ்வியது, லேத்து திணறியது, பெல்ட் வழுக்கியது. ஹோல்டர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. பிரேபென் அதை நான்கு தடவை செய்யச் சொன்னார். நான்கு தடவையும் அவர் கதவுக்கு வெளியே நின்றபடிதான் பார்த்தார். அதற்காகப் பல வருடம் கேலி வாங்கினார்.

ஆகஸ்டில் ஹெல்கே வந்தார். வீபோர்க் நகரத்தில் வீட்டுப் பொருள் கடை வைத்திருப்பவர். போடிலின் குடுவைகளை எட்டு வருடமாக வாங்கி விற்றவர். கடலோர விடுதிகள் சில சேர்ந்து இலையுதிர் காலத்துக்கு நூற்றி இருபது குடுவை கேட்டிருந்தன. ஹெல்கே நல்ல மனிதர், அதனால் சுற்றி வளைத்தார். வானிலையைப் பேசினார், ஹெர்ரிங் மீனைப் பேசினார். பிறகு, இந்த முறை வேறொருவரிடம் கொடுக்க ஏற்பாடு செய்திருப்பதாகவும், போடில் நிதானமாக உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

போடில் அவருக்குக் காபி ஊற்றி, கிரிங்லே என்ற இனிப்பு ரொட்டியில் ஒரு துண்டை வைத்தார். "இதைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் இருப்பீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு எழுந்தார்.

பீச் என்ற உறுதியான காட்டு மரத்தின் துண்டை டெயில்ஸ்டாக்கின் முனையால் அழுத்தி நிறுத்தி, இடது கோடியில் இறுக்கினார். உளியை அக்குளில் இடுக்கி வெளிப்பக்கத்தை உருட்டினார். பிறகு ஹோல்டர்கள். டக். குடை. இழு. டக். ஹெல்கே கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கோப்பையும் மூன்றாவது துண்டும் முடியும்போது குடுவை மூடியோடு அவர் முன்னால் நின்றது, இன்னும் சூடாக.

ஹெல்கே மூடியைச் சுழற்றினார். காரிலிருந்து போடிலின் பழைய குடுவை ஒன்றை எடுத்துவந்து பக்கத்தில் வைத்து அதையும் சுழற்றினார். பழையது லேசாக ஆடியது, புதியது ஆடவில்லை. தேய்ந்த பழைய பிடியில் பிட்டை மாற்றி மாற்றி மாட்டும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை விலகியிருந்திருக்கிறது. தனித்தனி ஹோல்டரில் இறுகியிருந்தவை விலகவில்லை.

"முன்னாடி செஞ்சதை விட இது நேரா இருக்கே" என்றார் ஹெல்கே.

"முன்னாடி ரெண்டு கை இருந்துச்சு. அதுல ஒண்ணு சொதப்பிக்கிட்டே இருந்திருக்கும்."

ஹெல்கே சிரிக்கலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, அவ்வளவு மோசமில்லை என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. நூற்றி இருபதையும் போடில்தான் கடைந்தார். நவம்பர் இரண்டாம் வாரம் கடைசிப் பெட்டியை நானே என் தபால் வண்டியில் ஏற்றிப்போனேன். அது விதிக்குப் புறம்பானது.

மறு வருடம் சாலிங் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வைக்கோல் இயந்திரத்தில் வலது கையை இழந்தவர், ஒரு காலத்தில் கிண்ணம் கடைந்தவர். அவருக்குக் கை வேறு பக்கம் என்பதால் எல்லாவற்றையும் மாற்றி யோசிக்க வேண்டியிருந்தது. இருவரும் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். போகும்போது அவர் கையில் பிரேபெனுக்கான வரைபடம் இருந்தது. பிறகு கடிதங்கள் வந்தன. நார்வேயிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்தவை என் பையில்தான் வந்தன. பிரேபென் மொத்தம் பதினான்கு செட் செய்தார். ஒவ்வொன்றும் வேறு வேறு, ஏனென்றால் ஒவ்வொருவரிடமும் மிச்சமிருந்தது வேறு வேறு.

துறைமுகப் பட்டறையை இடித்தபோது பிரேபென் தன் இரும்பு லேத்தைப் போடிலின் கொட்டகையின் மறுபாதிக்குக் கொண்டுவந்தார். நடுவில் ஒரு பலகைச் சுவர் எழுப்பினார்கள், இரும்புத் தூள் மரத்தில் ஒட்டக்கூடாது என்று. ஊரில் எல்லோரும் கேட்க நினைத்ததை ஒரு கோடையில் நான்தான் கேட்டேன், நீங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொண்டால் என்ன என்று. பிரேபென் என்னை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

போடில், "நடுவுல சுவர் இருக்கிறதாலதான் நல்லா போகுது" என்றார். பிரேபென் தலையாட்டினார். ஆனால் மறு வாரம் நான் போனபோது அந்தச் சுவரில் ஒரு கதவு வைத்திருந்தார்கள்.

இப்போது போடிலுக்கு எழுபத்தெட்டு. காலையில் மட்டும் கடைகிறார். மதியத்தில் பிரேபெனோடு ஃபியோர்டின் ஓரமாக நடக்கிறார். அவர் பேச, பிரேபென் கேட்டுக்கொண்டு வருகிறார்.