பொத்தான் டப்பாவில் மிஞ்சிய மாத்திரை

தையல்காரியின் கடையில் எதுவும் குப்பைக்குப் போகாது. சட்டைத் துணியில் மிஞ்சியது நாடாவாகும். அதிலும் மிஞ்சியது தலையணைக்குள் போகும். போன மழைக்காலத்தில் மூத்த மகளுக்கு மலேரியா வந்தபோது, மூன்று நாளைக்கென்று நர்ஸ் கொடுத்த மாத்திரையும் அப்படித்தான் மிஞ்சியது. இரண்டாம் நாளே பிள்ளை எழுந்து ஓடிவிட்டது. மீதியைப் பொத்தான் டப்பாவில் போட்டு மூடினாள். நர்ஸ் விசாரித்தபோது, "எல்லாம் குடுத்து முடிச்சாச்சுக்கா" என்றாள்.

இந்த மழைக்குச் சின்னவள் படுத்தாள். வயது நான்கு. சுகாதார நிலையம் கூப்பிடு தூரம்தான். ஆனால் முப்பது பள்ளிச் சீருடை பாதியில் கிடந்தது. கையில் மாத்திரையும் இருந்தது. பெரியவளின் மாத்திரையைத் துணி வெட்டும் கத்தரியால் பாதியாக்கினாள். கண்ணளவுதான். அவள் கண்ணளவு தப்பியதே இல்லை என்று ஊரே சொல்லும்.

முதல் நாள் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் ஏறியது. நான்காம் நாள் காலை, குடித்த தண்ணீரும் வாந்தியாக வந்தது. குழந்தையைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வரிசையில் பாதிப்பேர் அவளிடம் தைப்பவர்கள். "டெய்லரம்மா கடையை விட்டு வந்துட்டாங்களா? அதான் இந்த மழையா!" என்று ஒருத்தி சிரித்தாள்.

நர்ஸ் குழந்தையின் விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள். மலேரியாதான்.

"காய்ச்சல் எத்தனை நாளா?"

"நேத்துலேருந்துதான்கா."

"மாத்திரை கீத்திரை ஏதாவது குடுத்தியா?"

"இல்லக்கா."

"என்ன இப்படித் துவண்டு கிடக்கு?"

"ராத்திரி பூரா தூங்கலை. அதான்."

பின்னால் நாற்பது பேர். நர்ஸ் மாத்திரை அட்டையை நீட்டினாள். "நேத்துதான்னா பயப்படாதே. முதல் வேளையை இங்கயே குடுத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. இந்தத் தடவையும் முழுசா குடுக்கணும், சரியா?"

'இந்தத் தடவையும்' என்று நம்பிச் சொன்னதுதான் அவளைச் சுட்டது. அட்டையை வாங்கிக்கொண்டு, முதல் வேளையைக் கொடுக்க வாசலில் இருந்த தண்ணீர்ப் பானைவரை போனாள். மகளின் கன்னத்தைத் தட்டினாள். கண் திறக்கவில்லை. வரிசையை இடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அக்கா, பொய் சொல்லிட்டேன். நாலு நாளாச்சு. பெரியவளோட மிச்ச மாத்திரையை வெட்டிக் குடுத்தேன். காலைலேருந்து வாந்தி. இது தூக்கமில்லக்கா, எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்குறா!"

சிரித்தவள் விலகி வழிவிட்டாள். நர்ஸ் முதல் ஊசியை அங்கேயே போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியை வரவழைத்தாள். திட்டவில்லை. குழந்தையை வண்டியில் ஏற்றும்போது மட்டும் கேட்டாள்: "போன தடவை முடிச்சாச்சுன்னுதானே சொன்னே?"

ஆறு நாள் கழித்துச் சின்னவள் நடந்தே வீட்டுக்குள் வந்தாள்.

அடுத்த வாரம் நர்ஸ் தன் வெள்ளைக் கோட்டு தைக்கத் துணி கொண்டுவந்தாள். "என் அளவுதான் உனக்கு அத்துப்படியாச்சே" என்றாள்.

தையல்காரி டேப்பை எடுத்தாள். தோளை இரண்டு முறை அளந்து, தலை நிமிராமலே எழுதிக்கொண்டாள்.