வானத்தில் நாலு வருஷம் காலி

"எண்பத்தெட்டு இருக்கு, எண்பத்தொம்போது இருக்கு, தொண்ணூறு எங்க போச்சு? ஆ, இந்தா இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே, தட்டச்சில் அடித்து முடித்த ஸ்டென்சில் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார் நல்லம்மாள். பிழை கண்ணில் பட்டால் சிவப்புத் திருத்த மையைத் தடவி, அது காயும்வரை கன்னம் உப்ப ஊதுவார்.

ஈப்போ நகரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். ஐந்து நாடுகள் கூட்டாகத் தொலைபேசிக்கான செயற்கைக்கோள்களை அனுப்பப் போகின்றன. தலைமையகம் வேறு நாட்டில். எந்த ஆண்டில் என்ன செய்வது, அதற்கு எந்த நாடு எவ்வளவு தருவது என்று இருபது ஆண்டுத் திட்டம் எழுதும் பிரிவு மட்டும், வாடகை மலிவு என்பதால், இங்கே. 1984இல் உட்கார்ந்துகொண்டு 2003 வரை அடிக்கிறார் நல்லம்மாள். வீட்டில் கதையே வேறு. "நாளைக்கு என்ன கறி?" என்று கணவர் சீனி கேட்டால், "நாளைக்குப் பாசார் போனாத்தான் தெரியும்லா" என்பார்.

வயது முப்பத்தாறு. பதினைந்து வயதில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். கத்தி பட்ட தழும்பு இடது கைப் பெருவிரலில் இன்னும் இருக்கிறது. தட்டச்சு, ஈப்போவுக்கு வந்தபின் மாலை வகுப்பில் படித்தது.

போன மாதம், வருமானம் காட்டும் ஏழாம் அட்டவணையை அடித்துக்கொண்டிருந்தபோது கை நின்றது. கோள் அனுப்பும் ஆண்டுகள் உள்ள மூன்றாம் அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டையும் தூக்கிக்கொண்டு திட்ட அதிகாரி நாகூர் மீரானின் மேசைக்குப் போனார். மீரான் தைப்பிங் ஊர்க்காரர், பொறியாளர், குரல் உயர்த்தாதவர். ஆனால் அன்று அவசரத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமை, கடலோர ஊரான லூமுட்டில் ஐந்து நாட்டுக் கூட்டம்.

"சார், மொத சாட்டிலைட்டு தொண்ணூத்தஞ்சோட முடிஞ்சுருது. ரெண்டாவது தொண்ணூத்தொம்போது கடைசிலதான் மேல போகுது. நடுவுல நாலு வருஷம் காலி. ஆனா அந்த நாலு வருஷத்துக்கும் டெலிபோன் வருமானம் போட்டிருக்கோம். மேல ஒண்ணும் இல்லாம காசு எப்படி சார் வரும்?"

"ரெண்டாவத கட்டுற செலவைத் தள்ளிப் போடச் சொன்னாங்க நல்லம்மா. எல்லாரும் ஒத்துக்கிட்டதுதான். நீங்க அடிங்க."

நல்லம்மாள் நகரவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சார். எங்க தோட்டத்துல புது மொதலாளி கெழட்டு மரத்தையெல்லாம் ஒரே மூச்சுல சாச்சுட்டு, அப்புறந்தான் கன்னு நட்டாரு. கன்னு பால் குடுக்க ஏழு வருஷம். லயத்து வீடுங்கள்ல நாப்பது குடும்பம், அதுவரைக்கும் என்ன திங்கிறது? பழைய மரம் பால் குடுக்கிறப்பவே ஒரு பக்கமா கன்னு நட்டிருந்தா, நான் ஈப்போவுக்கே வந்திருக்க மாட்டேன்லா."

மீரான் இரண்டு தாள்களையும் வாங்கினார். ஒவ்வோர் ஆண்டாக விரல் வைத்து ஒப்பிட்டார். செலவைத் தள்ளிவைத்தவர்கள் வரவைத் தள்ளிவைக்க மறந்திருந்தார்கள். அவருந்தான். மாலைவரை இருவரும் உட்கார்ந்து கணக்கை மாற்றிப் போட்டார்கள். முதல் ஆண்டிலிருந்தே ஒவ்வொரு நாடும் கொஞ்சம் கூடுதலாகத் தரவேண்டும். முதல் செயற்கைக்கோள் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, 1991இல், இரண்டாவதைக் கட்டத் தொடங்கவேண்டும்.

லூமுட்டில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. கூடுதல் பணம் என்றதும் ஒரு நாட்டுப் பிரதிநிதி எழுந்தே போய்விட்டாராம். இங்கே நல்லம்மாளுக்குக் கவலை. ஒரு நாடு விலகினாலும் திட்டம் நின்றுபோகும். மாடி அலுவலகமும் மூடப்படும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று சீனியிடம் புலம்பினார்.

திங்கட்கிழமை மீரான் படியேறி வந்தார்.

"ஒத்துக்கிட்டாங்க. எழுந்து போனவரும் திரும்பி வந்துட்டாரு. ஆனா இருபத்திரண்டு அட்டவணையும் திரும்ப அடிக்கணும்."

"அவ்வளவுதானே சார்!" நல்லம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இன்னொண்ணு. திட்டம் தயாரிச்சவங்க பட்டியல்ல உங்க பேரும் வரணும். நீங்களே அடிச்சுருங்க."

புதுத் தாளைச் செருகினார். 'ஐசி' என்னும் அடையாள அட்டையில், பதிவு எழுதியவர் அவசரத்தில் அவர் பெயரின் 'நல்ல'வுக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு 'எல்' போட்டிருந்தார். சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம், கல்யாணப் பத்திரம் எல்லாவற்றிலும் அதுவே ஒட்டிக்கொண்டு வந்தது. பின்னால் நின்று பார்த்த மீரான், "ஐசில ஒரு எல்லுதானே இருக்கு?" என்றார்.

நல்லம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது 'எல்'லைத் தட்டினார்.